அளவறிந்த மானம்

அறவழியில் முன்னேற விரும்பும் எவர்க்கும் மூன்று பண்புகள் இன்றியமையாதவை. முதலாவது துணிவு. இரண்டாவது, தன் குற்றத்தைத் தானே காணும் தன்னாய்வு. மூன்றாவது, பிறர் கையை எதிர்பாராது சொந்தக் காலில் நிற்க விழையும் தன்னுரிமை உணர்வு. இம்மூன்றையும் தனித்தனியே புகழ்ந்துரைக்கும் நூல்கள் பல. ஆயினும், ஒன்று மிகுந்து மற்றொன்று குறையும்போது விளையும் கேட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தன்னாய்வற்ற துணிவு முரட்டுத்தனமாகிறது. துணிவற்ற தன்னாய்வு வெறும் சோர்வாக முடிகிறது. தன்னுரிமை உணர்வு அளவு கடந்தால், நல்லுரை கூறுவோரும் அணுக முடியாத தனிமையில் மனிதனைக் கொண்டு நிறுத்திவிடுகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் அறிவுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்துக் குற்றங்கடிதல் வருகிறது. அதனை அடுத்து வருவது பெரியாரைத் துணைக்கோடல். இவ்வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அறிவு பெற்றவன் முதலில் தன் குற்றத்தைக் களைய வேண்டும். அதனைத் தனியே செய்து முடித்துவிட இயலாது ஆதலின், இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகத் தேட வேண்டும். மானம் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து அதனைப் போற்றிய அதே வள்ளுவர், குற்றங்கடிதலில் ஈயாத தன்மையோடு மாண்பிறந்த மானத்தையும் சேர்த்துக் குற்றமாக எண்ணியிருக்கிறார். மானம் எந்த இடத்தில் பண்பாக இருக்கிறது, எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது? இதற்கு விடை காண, நம் நாடு நன்கறிந்த ஒருவரின் வாழ்வையே பாடமாகக் கொள்வோம்.

எட்டயபுரத்துப் பிள்ளை

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த ஊர் எட்டயபுரம். சிற்றூரே எனினும் கலைவளம் மிக்கது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த மண் அது. கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835இல் தம் இறுதி மூச்சை விட்டதும் அங்கேதான். அவ்வூரில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். ஐந்து வயதில் தாயை இழந்தார். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவிய தந்தை சின்னசாமி ஐயர், அத்தொழிலில் பொருளை இழந்து, 1898இல் மறைந்தார். பதினோரு வயதளவில் அரசவைப் புலவர்களால் 'பாரதி' என்னும் பட்டம் பெற்ற பிள்ளை, பதினாறு வயதுக்குள் தாயும் தந்தையும் இல்லாதவராகிக் காசிக்குச் சென்று அத்தையார் வீட்டில் தங்கிப் பயின்றார்.

இத்தகைய இளமை, ஒருவரை இரண்டில் ஒரு வழியில் வார்த்துவிடும். ஒன்று, எவரையும் அண்டிப் பிழைக்கும் மனம் வளரும். அல்லது, எவரையும் அண்டேன் என்னும் வைராக்கியம் வளரும். பாரதியாரிடம் வளர்ந்தது பின்னது. அவருடைய உயர்வுக்கும் அதுவே காரணம். அவருடைய துன்பங்கள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

துணிவும் அதன் செலவும்

காசியிலிருந்து 1902ஆம் ஆண்டையொட்டித் திரும்பிய பாரதியார், எட்டயபுரம் ஜமீன்தாரின் அவையில் பணியேற்றார். செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதும் அவைக்குரிய பேச்சில் கலந்துகொள்வதுமான வேலை, உணவுக்குக் குறைவில்லை. அந்நாளில் ஒரு புலவனுக்கு அதனினும் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது. ஆனால் இரண்டு ஆண்டளவில் அதனை விட்டு வெளியேறினார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னை சென்று 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவியாசிரியரானார். 1906இல் 'இந்தியா' வார இதழ் அவர் எழுத்தால் புகழ்பெறத் தொடங்கியது. அரண்மனைச் சோற்றை உதறி எழுத்தாளன் கூலிக்கு வந்த இச்செயல் துணிவு; இதில் ஐயமில்லை. இத்துணிவின் விலையைப் பெரும்பாலும் அவரே கொடுத்தார்.

நான்காண்டு கழித்து வேறொரு நிலை வந்தது. 1908இல் வ.உ.சிதம்பரனார் சிறைப்பட்ட பின்னர், அரசின் கண் 'இந்தியா'வின் மேல் விழுந்தது. அவ்விதழின் கட்டுரைகளுக்கு உயிராக இருந்தவர் பாரதியார். ஆனால் சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் எம்.சீனிவாசன் என்பவர். அவர் கைதாகித் தண்டனை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலை ஏற்றுப் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

இச்செயலைக் கோழைத்தனம் என்று தூற்றுவது நேர்மையாகாது. அவர் புதுச்சேரியில் ஒளிந்து வாழவில்லை. அங்கிருந்தே 'இந்தியா'வை மீண்டும் நடத்தினார். 1910இல் அது நின்ற பின்னரும் எழுதினார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. சிறைக்குச் சென்றிருந்தால் தமிழ் இவற்றை இழந்திருக்கக்கூடும். எனினும் இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவருடைய துணிவின் செலவு அவருடைய கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை. சீனிவாசன் என்னும் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? வீரம் மிக்க எழுத்து ஒருவருடையது. சிறைக்கதவு திறந்தது மற்றொருவர்க்கு. ஆகவே துணிந்து ஒன்றைச் செய்யுமுன், இதனால் எனக்கு என்ன நேரும் என்று கேட்பது பாதிக் கேள்வியே. இதனால் என் அருகில் நிற்பவர்க்கு என்ன நேரும் என்பதையும் கேட்டால்தான் அது துணிவு. இல்லையேல் அது துடுக்கு.

தன்னாய்வு எவ்வாறு அமைய வேண்டும்?

தன்னாய்வு என்றவுடன் தன்னைத் தானே நொந்துகொள்வது என்று பலர் எண்ணுகின்றனர். 'நான் எதற்கும் உதவாதவன்' என்று ஓயாது புலம்புவோரும் நம்மிடையே உளர். இப்புலம்பலால் ஒரு குற்றமும் குறைவதில்லை. குற்றத்தை ஆராய்வதற்கு மாறாகத் தன்னையே சுற்றிச் சுற்றி வருவதால், இதுவும் தற்பெருமையின் மறுபக்கமே ஆகும்.

பாரதியாரின் வாழ்வில் உண்மையான தன்னாய்வுக்கு மூன்று சான்றுகள் உள்ளன.

முதலாவது, நிவேதிதா தேவியாருடன் நேர்ந்த சந்திப்பு. காங்கிரஸ் மாநாடு ஒன்றுக்காக வடநாடு சென்றிருந்தபோது, விவேகானந்தரின் மாணவியாகிய அவரைப் பாரதியார் கண்டார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவர் வினவினார். எங்கள் சமூகத்தில் அவ்வாறு அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்ற பொருளில் பாரதியார் விடை கூறினார். நாட்டு விடுதலை பேசுகிறவர் வீட்டில் பாதிப் பேரை அடிமைப்படுத்தி வைத்திருப்பது எவ்வாறு பொருந்தும் என்று தேவியார் கடிந்துகொண்டார். மேடையேறி உலகத்தைக் கண்டிக்கப் பழகிய இளைஞர்க்கு, ஒரு பெண்மணியின் முன் தலைகுனிந்து நிற்பது எளிதன்று. அவர் சினம் கொள்ளவில்லை, சமாதானம் தேடவில்லை. கடிந்தவரையே குருவாகக் கொண்டார். 1908இல் வந்த 'ஸ்வதேச கீதங்கள்', 1909இல் வந்த 'ஜன்மபூமி' ஆகிய தம் நூல்களை அவர்க்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலை பற்றி அவர் பின்னர் எழுதியவற்றுக்கெல்லாம் ஊற்றுக்கண் இக்கடிந்துரையே.

இரண்டாவது, 1910இல் அவர் வெளியிட்ட 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடல். தம் இளமைக் காதல், தமக்குப் பொருந்தாது போன ஆங்கிலக் கல்வி, தந்தையின் வறுமை, அறியாப் பருவத்தில் நிகழ்ந்த திருமணம் ஆகியவற்றை அதில் மறைக்காமல் எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

மூன்றாவது, புதுச்சேரியில் எழுதி முற்றுப்பெறாமல் நின்ற 'சின்னச் சங்கரன் கதை'. கவுண்டனூர் என்னும் கற்பனை ஊரின் ஜமீன் அவையும், அங்கே கவிபாடித் திரியும் சங்கரன் என்னும் சிறுவனும் அக்கதையில் எள்ளலுக்கு ஆளாகின்றனர். எட்டயபுரத்தை அறிந்தவர் எவரும் அதன் சாயலைக் காண்பர். அவையைக் கேலி செய்ததோடு அவர் நின்றிருந்தால் அது பழிதீர்த்தல் ஆகியிருக்கும். அவ்வவையில் கவிபாடிய இளம்புலவனையும் அதே நகைப்புக்குள் கொண்டுவந்ததால் அது தன்னாய்வாயிற்று. தன் பழைய பேதைமையைக் கண்டு நகைக்கத் தெரிந்தவன், அதனைக் கடந்துவிட்டான் என்று கொள்ளலாம்.

இம்மூன்றுள்ளும் முதலாவதே கடினமானது என்பதைக் கவனிக்க வேண்டும். தானே தன் குறையை எழுதும்போது, எதனை எழுதுவது, எதனை விடுவது என்னும் உரிமை நம் கையில் இருக்கிறது. பிறர் சுட்டும்போது அவ்வுரிமை இல்லை. நம் முன்னோர் வகுத்த நாள் நியமங்களின் அமைப்பும் இதனை நினைந்தே வகுக்கப்பட்டது எனலாம். ஆறு ஆவசியகங்களுள் குருவை வணங்கும் வந்தனை முன்னர் வருகிறது. செய்த பிழைகளினின்று மீளும் பிரதிக்கிரமணம் அதன் பின்னரே வருகிறது. பிழையை மனத்துக்குள் எண்ணி முடித்துவிடாமல், ஆசிரியர் முன் வாய்விட்டு உரைக்கும் ஆலோசனை என்னும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. கேட்பவர் ஒருவர் இருந்தால் குற்றத்தைக் குறைத்துக் கூறவும் நா எழாது. மிகைப்படுத்தி வருந்தவும் இடம் இராது.

கோவில்பட்டிக்கு ஒரு புறம் எட்டயபுரம் என்றால், மறுபுறம் கழுகுமலை. அம்மலைப் பாறையில் சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இன்ன குரவரின் மாணாக்கர், இன்ன குரத்தியரின் மாணாக்கியர் என்று அவற்றில் பலர் குறிக்கப்பெறுகின்றனர். எல்லாப் பற்றையும் விட்டு விடுதலை நாடிய துறவியர், தம்மை இன்னாரின் மாணாக்கர் என்று கூறிக்கொள்வதை மட்டும் விடவில்லை. அவர்கள் நாடிய விடுதலைக்கு இவ்வுறவு தடையாக இருக்கவில்லை என்பதை அப்பாறை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தாங்கி நின்ற கைகள்

இனி மூன்றாவது பண்பைக் காண்போம். பாரதியாரின் தன்னுரிமை உணர்வை அறியாதார் இலர். ஆனால் அவ்வுணர்வு எவர் தோள்மேல் நின்றது என்பதை ஆராய்வோர் குறைவு.

புதுச்சேரியில் வறுமை வாட்டிய காலம். செல்லம்மாள் சமையலுக்கு எடுத்து வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தார் என்னும் நிகழ்ச்சி அவர் குடும்பத்தார் வழி நமக்குக் கிடைத்துள்ளது. இதனைக் கவியுள்ளத்தின் பெருமைக்குச் சான்றாகவே நாம் மேடைதோறும் கூறி வருகிறோம். எல்லா உயிரும் தன்னுயிர் என்னும் அருள் அதில் இருக்கிறது; மறுக்க இயலாது. ஆயினும் அன்று அவ்வீட்டில் அடுப்பின் முன் நின்றவர் ஒருவர் இருந்தார். அடுத்த வேளைக்கு எவர் வீட்டில் அரிசி கேட்பது என்ற கவலை அவருடையது. ஒருவர் விடுதலையாகப் பறக்கும்போது, அவருக்காகத் தரையில் நின்றவரை மறந்துவிடலாமா?

அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று அழைப்பர். வாடகை பெற வந்து, பாரதியாரின் பாட்டையும் பேச்சையும் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்து, ஒன்றும் கேளாமலே திரும்பிச் செல்வாராம். பாரதியாரின் வரலாற்றை எழுதிய வ.ரா. இதனைப் பதிவு செய்திருக்கிறார். வணங்காமுடியின் வாழ்வு இத்தகைய பொறுமையாளர் பலரின் தாங்குதலால்தான் நடந்தது. இதனைச் சொல்வதால் பாரதியாரின் பெருமை குறைந்துவிடாது. தனியே நிற்கிறேன் என்று எண்ணும் எவரும் உண்மையில் தனியே நிற்பதில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்வுக்குப் பின், 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்தபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அன்னி பெசன்ட் அம்மையார், சி.பி.இராமசாமி ஐயர், ஏ.ரங்கசாமி ஐயங்கார் முதலியோரின் முயற்சியும், அவரே அரசுக்கு எழுதிய விண்ணப்பமும் சேர்ந்து டிசம்பரில் அவரை விடுவித்தன. குறிப்பிட்ட பகுதிக்குள் தங்குவது, எழுத்தையும் பேச்சையும் காவல்துறையின் பார்வைக்கு உட்படுத்துவது போன்ற நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட வேண்டியிருந்தது. மனைவியின் ஊராகிய கடையத்துக்குச் சென்றார்.

அடுத்த ஆண்டு, 1919இல், அவர் செய்த ஒரு செயலை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு வேண்டினார். பதினான்கு வயதுச் சிறுவனாக, 1897இல், படிப்புக்கு உதவி கேட்டு அதே அரண்மனைக்குப் பாட்டெழுதியவர் அவர். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். அவையை உதறியதும், அதனைக் கதையில் எள்ளியதும் அவ்விடைக்காலத்தில். அத்தனைக்கும் பின் அதே வாயிலில் சென்று கேட்க அவர் மனம் இசைந்தது. கேட்ட முறையிலும் கூனிக்குறுகல் இல்லை. தம் தமிழ்ப்பாட்டின் தகுதியை எடுத்துரைத்து, அதற்குரிய சிறப்பைச் செய்யுமாறு நிமிர்ந்தே கேட்டார். எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. 1920இல் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டு, பொருளுதவி வேண்டி அன்பர்களுக்கு எழுதினார். அதுவும் கைகூடவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன், சென்னை திருவல்லிக்கேணியில் மறைந்தார்.

1904இல் அரண்மனையை விட்டு வெளியேறிய துணிவு பெரிதா, 1919இல் அதன் வாயிலில் நின்று கேட்ட துணிவு பெரிதா? முன்னதைப் பாராட்டி நாம் சொற்பொழிவு செய்கிறோம். பின்னதைக் கவியின் வறுமைக்குச் சான்றாக மட்டும் இரங்கிக் கூறுகிறோம். இளமையில் 'வேண்டா' என்று சொல்வதற்கு உடல்வலிமையும் நம்பிக்கையும் துணை நிற்கும். பட்டறிந்த பின் 'வேண்டும்' என்று சொல்வதற்குத் தன் செருக்கை வென்றிருக்க வேண்டும். தன்மதிப்பைக் கைவிடாமல் செருக்கை மட்டும் கைவிடுவது எவ்வாறு என்பதற்கு அச்சீட்டுக்கவியே நல்ல பாடம். நாம் முதலில் கேட்ட வினாவின் விடையும் இதில் அடங்கியுள்ளது. தீமைக்குப் பணிய மறுக்கும் வரையில் மானம் பண்பு. திருத்தத்தையும் உதவியையும் ஏற்க மறுக்கத் தொடங்கும் இடத்தில் அது குற்றம்.

கப்பலும் பங்கும்

எட்டயபுரத்துக்கு அண்மையில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனாரின் வாழ்வு இவ்வுண்மைக்கு மற்றொரு சான்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி செலுத்திய ஆதிக்கத்தை எதிர்த்து, 1906இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். அத்தகைய பெருந்தொகையை எளியோரும் சேரக்கூடிய பங்குகளாகப் பிரித்ததே அத்திட்டத்தின் உயிர். நாட்டின் தன்னுரிமையைப் பலர் கை சேர்ந்தே நிலைநாட்ட முடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். போட்டியும் அடக்குமுறையும் சேர்ந்து அச்சங்கத்தை வீழ்த்தின. அவர் 1908 முதல் 1912 வரை சிறைப்பட்டார்.

அக்காலத்தையொட்டி ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் அகவாழ்வு நூல்களை 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்னும் பெயர்களில் அவர் தமிழாக்கினார். தம்மைச் சிறையிலிட்ட இனத்தார் ஒருவரிடம் கற்றுக்கொள்ளவும் அவர் கூசவில்லை. பிற்காலத்தில் தம் வழக்கறிஞர் உரிமை மீளக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸ் என்பாரின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்த துணிவும், ஒருவர் செய்த நன்றியை ஒப்புக்கொண்ட பணிவும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

நாள்தோறும் எண்ணத்தக்கவை

பெரியோர் வரலாறு படித்துப் பெருமூச்சு விடுவதற்கு மட்டும் உரியதன்று. இரவில் உறங்கச் செல்லுமுன் கீழ்க்காணும் வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

1. நான் துணிந்து செய்ததாக எண்ணும் செயலின் செலவை என்னையன்றி வேறு எவரேனும் ஏற்கின்றனரா? ஏற்பின், அவரிடம் முன்னரே சொன்னேனா?

2. ஒருவர் கடிந்துரைத்ததனால் என் நடத்தையை நான் கடைசியாக மாற்றிக்கொண்டது எப்போது? நினைவுக்கு எட்டவில்லை என்றால், என்னிடம் குற்றம் இல்லை என்பது அதன் பொருளன்று. என்னைக் கடிந்துரைப்பார் இல்லை என்பதே பொருள்.

3. என் குறையை எண்ணிய பின், நாளை செய்யத்தக்க ஒரு செயல் புலப்பட்டதா? சோர்வு மட்டுமே எஞ்சியதாயின் அது தன்னாய்வு ஆகாது.

4. உதவி கேட்க நா எழாதபோது அதனைத் தடுப்பது தன்மதிப்பா, செருக்கா? பிறர் என்னிடம் அதே உதவியைக் கேட்டால் அவரை இழிவாக எண்ணுவேனா?

5. தனியே நிற்கிறேன் என்று நான் கருதும் இடத்தில் என்னைத் தாங்கி நிற்பவர் யார்? அவரிடம் ஒருமுறையேனும் அதனை ஒப்புக்கொண்டேனா?

இவற்றுள் ஐந்தாவது வினாவை இளைஞர்கள் சிறப்பாகக் கருத வேண்டும். படிப்புக்காகவும் பணிக்காகவும் வீட்டை விட்டுத் தொலைவில் வாழ்வோர் இன்று பலர். ஊதியம் கைக்கு வந்ததும் எவர் சொல்லும் தேவையில்லை என்னும் எண்ணம் எளிதில் வந்துவிடும். இடர் வந்தபோதும் பெற்றோரிடம் சொல்லாமல், நண்பரிடம் கேளாமல், உள்ளுக்குள் மாய்ந்து போகிறவர்களை நாம் காண்கிறோம். அவர்களிடம் துணிவு இல்லாமல் இல்லை. கேட்பதும் துணிவே என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித் தராததே குறை. பெரியோர்க்கும் இதில் கடமை உண்டு. கேட்டு வருபவனை 'அன்றே சொன்னேன்' என்று குத்திக்காட்டினால், அவன் மறுமுறை வரமாட்டான்.

பாரதியார் மறைந்த மறு ஆண்டே, 1922இல், செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்னும் பெயரில் கணவரின் பாடல்களை அச்சிட்டு, தமிழ் மக்களின் ஆதரவை வேண்டினார். எழுத்தாளர் கல்கியின் வேண்டுகோளை ஏற்று மக்கள் அளித்த நன்கொடையால் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. 1945இல் கால்கோள் செய்யப்பட்டு 1947இல் இராஜாஜியால் திறக்கப்பட்டது. 1949இல் அவர் எழுத்துகளின் உரிமையைச் சென்னை அரசு பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின. நாற்பது நூல்களை அச்சிட அவர் கேட்ட உதவி, அவர் காலத்துக்குப் பின் பல்லாயிரம் கைகளிலிருந்து வந்து சேர்ந்தது. உயிருடன் இருந்தபோதே வந்திருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

ஆகவே, அன்பர்களே, தீமையை எதிர்க்கும்போது நிமிர்ந்து நிற்போம். குறை சுட்டப்படும்போது செவி கொடுப்போம். தேவை வந்தபோது தயங்காது கேட்போம். கேட்டு வந்தவர்க்குத் தாமதியாது கொடுப்போம். அளவறிந்த மானமே நம்மை வளர்க்கும்.